பெரியம்மாள் போட்ட கைக்கொழுந்து

பெரியம்மாள் அக்காவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஃபிளாஸ்க் சாந்தம்மாளுக்குக் கிடைத்தது. அன்றைக்கு லைன் வீடுகள் முழுக்க ஒரே சிரிப்பு. நானும்தான் சிரித்தேன். பிறகு நடந்ததை நினைத்தால் அந்தச் சிரிப்பின் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

நான் வேல்முருகன். சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து டிராக்டர் ஓட்டுகிறேன். பெண்கள் பறித்துவரும் கொழுந்தை ஷெட்டில் எடை போட்டதும் சாக்குகளை ஏற்றிக்கொண்டு போய் ஃபாக்டரியில் கொட்டுவது என் வேலை. தினமும் தராசுக்குப் பக்கத்தில் நிற்பவன் என்பதால் யார் எவ்வளவு பறித்தார்கள் என்றும் எனக்குத் தெரியும், யாருக்கு எவ்வளவு என்று தராசு சொன்னது என்றும் தெரியும். இரண்டும் ஒன்றாக இருந்த நாள் குறைவு.

பெரியம்மாள் எங்கள் டிவிஷனிலேயே கை வேகமான ஆள். புருஷன் போய் வெகுகாலம் ஆகிறது. மகன் ஜெகன் மூணாறில் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறான். அவன் குடும்பமே ஒற்றை அறையில் முட்டிக்கொண்டு கிடக்கிறது. ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம். அதுவரை வேலையில் பேர் ஓடினால்தான் கம்பெனி கொடுத்த லைன் வீடு. பேர் நின்றால் வீட்டுச் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இந்த மூன்று வருஷத்தை எப்படியாவது தள்ளிவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

உலகச் செய்தி எங்களுக்குப் பேப்பரில் வருவதில்லை, காலை மஸ்டரில் வரும். பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்த நேரத்தில் ஃபீல்டு ஆபீசர் தொண்டையைச் செருமினால், கடலுக்கு அப்பால் எங்கேயோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். ஆப்பிரிக்காவில் நல்ல மழை, அங்கே தேயிலை குவிந்துவிட்டது, நம் சரக்குக்கு விலை இல்லை. ஆகவே ஆளுக்கு இத்தனை கிலோ கூடப் பறிக்க வேண்டும். அடுத்த வருஷம் ஆப்பிரிக்காவில் மழை இல்லை, வாங்குகிறவர்கள் எல்லாம் நம் பக்கம் வருகிறார்கள். ஆகவே இத்தனை கிலோ கூடப் பறிக்க வேண்டும். எங்கே பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கனப்பது எங்கள் சாக்குதான். கூலியை உயர்த்த மட்டும் கமிட்டி கூட வேண்டும். கமிட்டி கூடுவதற்குள் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு வகுப்பு தாண்டிவிடுவார்கள்.

அப்படி விலை விழுந்த ஒரு வருஷத்தில்தான் கத்திரி வந்தது. அதுவரை விரலால் கிள்ளிப் பறித்தவர்கள், தட்டு வைத்த பெரிய கத்திரியால் செடியின் தலையை வெட்டி எடுக்கத் தொடங்கினார்கள். ஒரு நாளைக்கு ஒருத்தி பறிப்பது இரண்டு மடங்கானது. அன்றைய கூலிக்குப் பறித்தே ஆக வேண்டிய மினிமம் கிலோவும் பின்னாலேயே ஏறியது. மினிமத்துக்கு மேல் பறித்தால் கிலோவுக்குக் கொஞ்சம் காசு தருவார்கள். அதற்கு அதிகக் கிலோ என்று பேர். அந்தக் காசுக்காக ஓடி ஓடி வெட்டியதில், கத்திரியில் சிக்கிய குச்சியை இழுக்கப்போய், சாந்தம்மாளின் இடது கையில் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன.

அதன் பிறகு அவளால் வேகமாகப் பறிக்க முடியவில்லை. ஆனால் அவளுடைய எடை குறையவே இல்லை. காரணம் கைக்கொழுந்து.

எடைக்கு வரிசையில் நிற்கும்போது, கை ஓடாதவளின் சாக்கில் முன்னால் நிற்கிறவளும் பின்னால் நிற்கிறவளும் ஆளுக்கு இரண்டு அள்ளு அள்ளிப் போடுவார்கள். பிள்ளை பெற்று வந்தவளுக்கு, காய்ச்சலோடு வந்தவளுக்கு, புருஷன் அடித்து முகம் வீங்கி வந்தவளுக்கு என்று எல்லாருக்கும் ஒரு காலத்தில் விழுந்திருக்கிறது. யாரும் கேட்டு வாங்குவதில்லை, யாரும் போட்டதாகச் சொல்வதும் இல்லை. கங்காணி அந்த நேரம் பார்த்து வெற்றிலையை மடித்துக்கொண்டிருப்பார். பெரியம்மாளும் சாந்தம்மாளும் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். முதலில் யார் யாருக்குப் போட்டது என்று கேட்டால் இருவரும் அடுத்தவளைக் கைகாட்டுவார்கள்.

சாந்தம்மாளின் மகள் இந்து தேனியில் நர்சிங் சேர்ந்தபோது இது இன்னும் கூடியது. சாந்தம்மாள் ரோஷக்காரி, கையில் காசு கொடுத்தால் வாங்க மாட்டாள். சாக்கில் விழுகிற கொழுந்தை என்ன செய்ய முடியும்? பெரியம்மாள் தன் மினிமத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தையெல்லாம் அவள் சாக்கில் தள்ளினாள். அடுத்த வீட்டு சிசிலியும் தன் பங்குக்குத் தள்ளினாள். அதிகக் கிலோ காசு சாந்தம்மாள் பேரில் ஏறிக்கொண்டே போனது. இந்து படித்து முடித்தாள்.

அந்த வருஷ முடிவில் மேனேஜ்மென்ட் சிறந்த தொழிலாளி என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஃபிளாஸ்க் கொடுத்தது. விரல் நுனியில்லாத சாந்தம்மாளைத்தான் மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் துணி சுற்றிய கையை நீட்டி வாங்கினாள். கொடுத்தவர்கள் யாரும் கையைப் பார்க்கவில்லை. எடையைப் பார்த்தவர்களுக்குக் கை எதற்கு?

"ஏட்டி, பாதி ஃபிளாஸ்க்கு எனக்கு உண்டுல்லா? மூடியை நீ வச்சிக்கோ, கீழ்ப்பாகத்த எனக்குத் தா" என்றாள் பெரியம்மாள். சாந்தம்மாளுக்கு வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. அந்தக் கண்ணீரைப் பார்த்துத்தான் நாங்கள் அவ்வளவு சிரித்தோம்.

மறு வருஷம் விலை மறுபடியும் விழுந்தது. இந்த முறை மிஷின் வந்தது. தேயிலை வரிசையின் இரண்டு பக்கமும் ஆளுக்கொருத்தியாக மிஷினைப் பிடித்துக்கொண்டு சரிவில் நடக்க வேண்டும். மூன்றாமவள் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். மூன்று பேரும் சேர்ந்து எடுத்த எடையைச் சமமாகப் பிரித்து அவரவர் பேரில் போடுவார்கள். எஞ்சின் இருக்கிற பக்கம்தான் கனம். நல்ல வேலைக்காரி என்று கங்காணி பெரியம்மாளுக்கு அந்தப் பக்கத்தைக் கொடுத்தார். சாந்தம்மாள் வேறு கோஷ்டியில் பை தூக்கினாள். சில மாதத்தில் அவளுடைய வலது தோள் போய்விட்டது. ஜெகன் போடிக்கு அழைத்துப் போய் டாக்டரிடம் காட்டினான். மிஷினை விட்டால்தான் தோள் தேறும், இல்லையென்றால் ஒரு நாள் கையைத் தூக்கவே முடியாமல் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த நிலையில்தான் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று வந்தது. மருந்து அடிக்காத செடியில், கையால் கிள்ளிய இளங்கொழுந்துதான் அவர்களுக்கு வேண்டுமாம். விலையும் பல மடங்கு என்று ஃபாக்டரியில் பேசிக்கொண்டார்கள். அதற்காக ஒன்பதாம் நம்பர் மலையைத் தனியாக ஒதுக்கினார்கள். மிஷின் கிடையாது, கத்திரி கிடையாது, பழையபடி விரல் வேலை. சேதி வந்த அன்று பெரியம்மாள் என் டிராக்டரைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"ஏலே வேலு, ஒன்பதாம் நம்பருக்கு மட்டும் என் பேரு வந்துட்டா போதும்லே. மூணு வருசத்தையும் அங்கனயே ஓட்டிருவேன். தோளு வேணாம், வெரலு இருக்கே."

அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்து நாளாகியிருந்தது. "உன்னை விட்டா வேற யாருக்கா?" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

மறுநாள் மஸ்டரில் ஒன்பதாம் நம்பருக்குப் பேர் வாசித்தார்கள். முதல் பேர் சாந்தம்மாள். அப்புறம் சில இளவட்டப் பெண்கள். வாசித்து முடித்துச் செபாஸ்டின் சார் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பெரியம்மாள் இன்னும் அடுத்த பேருக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

செபாஸ்டின் சார்தான் எங்கள் ஃபீல்டு ஆபீசர். தொடுபுழைக்கார மலையாளி, கெட்ட மனிதர் இல்லை. பெரியம்மாள் அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"சாரே, என் பேரு விட்டுப்போச்சு."

"விட்டுப்போகலை பெரியம்மா. கத்திரி வச்ச கடைசி ரெண்டு வருஷத்து ஆவரேஜ் பாத்துத்தான் எடுத்தது. உங்களோடது எப்பவும் மினிமத்திலே நிக்குது. சாந்தம்மா ஒண்ணாம் ஸ்தானம் அல்லே?"

"என் கையப் பாருங்க சாரே. நான் பறிக்கிறத நீங்க பாத்ததில்லையா?"

"நான் பாத்து என்ன காரியம்? கம்ப்யூட்டர்ல உண்டோ, அதுதான் மேலே போகும்."

அதற்கு மேல் அவள் பேசினால் என்னவென்று சொல்வாள்? இல்லாத எடைக்கு அதிகக் கிலோ காசு வாங்க வைத்தது கம்பெனி கணக்கில் மோசடி. அவளுக்கு மெமோ வரும், சிசிலிக்கு வரும், வரிசையில் அள்ளிப் போட்ட அத்தனை பேருக்கும் வரும். வழக்கம்போல மிஷினின் எஞ்சின் பக்கத்தைப் பிடிக்கப் பத்தாம் நம்பர் மலைக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் சாக்கு ஏற்றும்போது என்னிடம் கேட்டாள்: "நான் பறிச்ச கொழுந்தெல்லாம் எங்கலே போச்சு?"

"நீதான அக்கா அள்ளி அள்ளிப் போட்டே."

"போட்டேன். அப்போ பசிச்ச வீட்டுக்குத்தான் போகுதுன்னு நெனச்சேன். என் பேரத் தின்னுக்கிட்டே போகுதுன்னு யாரு கண்டா?"

அதிலிருந்து அவள் சாந்தம்மாளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரே சுவர், இரண்டு வாசல். குழாயடியில் ஒருத்தி நின்றால் இன்னொருத்தி குடத்தோடு திரும்பிப் போனாள். சாந்தம்மாள் செய்த தப்பு என்ன என்று கேட்டால் பெரியம்மாளுக்கே தெரியாது. ஆனால் தோள் வலிக்கும்போது யார் மேலாவது கோபம் வரத்தான் செய்யும். உலக மார்க்கெட்டின் மேல் கோபப்பட்டால் அது குழாயடிக்கு வருமா?

ஒன்பதாம் நம்பரில் சாந்தம்மாளின் பாடு அதைவிட மோசம். வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எந்தச் சாக்கு யார் பறித்தது என்று தெரிய வேண்டுமாம். அதனால் மலையிலேயே சாக்கின் வாயைக் கட்டி, பேர் எழுதிய அட்டையைக் கோத்துவிடுவார்கள். பக்கத்தில் யாரும் வரக்கூடாது. கைக்கொழுந்து போட வழியே இல்லை. நுனியில்லாத விரலால் ஒற்றைக் குருத்தைக் கிள்ளுவது எவ்வளவு சிரமம் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் வாரமே அவளுக்கு மற்றவர்கள் எடையில் பாதிதான் வந்தது. இரண்டாம் வாரம் இன்னும் இறங்கியது.

ஆபீசில் இதற்கு ஒரு அர்த்தம் கண்டுபிடித்தார்கள். நேற்றுவரை முதல் இடத்தில் இருந்தவள் திடீரென்று கடைசிக்குப் போவாளா? நல்ல விலைக்குச் சரக்கு போகிறது என்று தெரிந்து, கூலி கூட்டித் தர வைக்க வேண்டுமென்றே மெதுவாகப் பறிக்கிறாள். பின்னால் யூனியன் இருக்கிறது. இப்படி முடிவு கட்டி அவளுக்கு மெமோ கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை எடை ஷெட்டில் விசாரணை. பதில் சரியில்லை என்றால் சஸ்பென்ஷன். ஆயுளில் ஒரு கூட்டத்தில்கூடக் கை தூக்காத சாந்தம்மாளைப் போராட்டக்காரி ஆக்கிவிட்டார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் பெரியம்மாள் வீட்டு வாசலில் தோளுக்குத் தேய்க்கும் தைலத்தைக் கொடுக்க நின்றிருந்தேன். ஜெகன் மூணாறிலிருந்து கொடுத்துவிட்டது. சாந்தம்மாள் வந்து படிக்குக் கீழேயே நின்றாள்.

"பெரியம்மா, நாளைக்கு என்ன எழவச் சொல்லட்டும்?"

பெரியம்மாள் திரும்பவில்லை.

"உண்மையச் சொல்லிறட்டா? என் வேலை போனாலும் போகுது. உன் கொழுந்துன்னு தெரிஞ்சா ஒன்பதாம் நம்பர உனக்குத் தருவாவல்லா?"

"கிழிச்சாவ." பெரியம்மாள் இப்போது திரும்பினாள். "உண்மையச் சொன்னா உனக்கும் எனக்கும் சேத்துச் சீட்டக் கிழிப்பாவ. சிசிலிக்கு ரெண்டு பொம்பளப் புள்ள இருக்கு. இந்து படிச்ச படிப்பே கள்ளக் காசுலன்னு எழுதி வைப்பாவ. போடி, போய் எதையாவது சொல்லித் தொலை. என்னக் கேக்காத."

கதவைச் சாத்திக்கொண்டாள். சாந்தம்மாள் தன் வாசலுக்குப் போனாள். தைலம் என் கையிலேயே இருந்தது. ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை எடை முடிந்ததும் யாரையும் கலைய விடவில்லை. மிஷின் கோஷ்டிகளும் ஷெட்டில்தான் நின்றார்கள். செபாஸ்டின் சாரோடு ஆபீசிலிருந்து ஒரு இளைஞரும் வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, போனையே பார்த்துக்கொண்டிருந்தார். செபாஸ்டின் சார்தான் கேட்டார்.

"சாந்தம்மா, ஃபிளாஸ்க் வாங்கின ஆளு நீங்க. நான்தான் கையில தந்தது. இப்ப ஏன் இப்படி? யார் சொல்லி செய்றீங்க?"

"யாரும் சொல்லல சாரே."

"பின்னே உங்க எடை எங்கே போச்சு?"

சாந்தம்மாள் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் கையை அவர் முன்னால் நீட்டினாள். விரல் கட்டைகளில் தேயிலைக் கறை கறுப்பாக ஏறியிருந்தது.

"என் எடை எங்கயும் போகல சாரே. பத்தாம் நம்பர்ல மிஷினப் பிடிச்சிக்கிட்டு நிக்குது. என்னையும் அங்கனயே அனுப்பிருங்க."

சிசிலி தலையைக் குனிந்துகொண்டாள். பெரியம்மாள் வலது தோளை இடது கையால் பிடித்தபடி தூணில் சாய்ந்து நின்றாள். செபாஸ்டின் சார் சாந்தம்மாளின் கையைப் பார்த்தார், பிறகு மெதுவாகப் பெரியம்மாளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. பத்து வருஷமாக இந்த மலையில் இருப்பவருக்குப் புரியாமல் போகுமா? அதே நேரம், அந்த எடைகளுக்கெல்லாம் தினமும் கையெழுத்துப் போட்டது தான்தான் என்பதும் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"எந்தா பறஞ்ஞது?" அவள் சொன்னது என்னவென்று அந்த இளைஞர் போனிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டார்.

கையில் பழைய காயம் என்றும், தானே கேட்டு வேறு வேலைக்கு மாறிக்கொள்கிறாள் என்றும் செபாஸ்டின் சார் மலையாளத்தில் சொன்னார். இளைஞர் அதை அப்படியே போனில் ஏற்றிக்கொண்டார். விசாரணை முடிந்தது. எனக்கு அப்போது செபாஸ்டின் சாரைக் கும்பிடலாம் போல இருந்தது.

எல்லாரும் கலையும்போது பெரியம்மாள் அவரிடம் போனாள். இந்த முறை மெதுவாகத்தான் கேட்டாள்.

"சாரே, ஒன்பதுல இப்ப ஒரு ஆளு கொறையுதே."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியும் பெரியம்மா. எல்லாம் தெரியும். பக்ஷே, ஆவரேஜ்ல அடுத்த பேருதான் வரும். உங்க பேரு எவ்வளவோ கீழே. நான் மேலே தூக்கினா ஏன்னு கேப்பாங்க. கேட்டா நான் எந்து பறயும்?"

கும்பிட நினைத்த கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். ஒன்பதாம் நம்பருக்கு அடுத்த பேராக ஒரு சின்னப் பெண் போனாள். அவளும் நன்றாகத்தான் பறிக்கிறாள்; அவள் மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒன்பதாம் நம்பர் டீ நல்ல விலைக்குப் போகிறதாம். விலை கூடியிருக்கிறது என்று சொல்ல மட்டும் மஸ்டரில் யாரும் தொண்டையைச் செருமவில்லை.

திங்கட்கிழமை சாந்தம்மாளைப் பெரியம்மாளின் மிஷின் கோஷ்டியிலேயே போட்டார்கள். எஞ்சின் பக்கத்தைப் பிடிக்க அவளுக்கு விரல் போதாது; பைதான் தூக்க முடியும். ஆகவே அந்தப் பக்கம் முன்போலவே பெரியம்மாளுக்குத்தான். எடை மூன்றாகச் சமமாகப் பிரியும். போன வருஷம்வரை அள்ளிப் போட்டதை இப்போது கம்பெனியே பிரித்துக் கொடுக்கிறது என்று சிசிலி சொன்னாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

டீ நேரத்தில் நான் பத்தாம் நம்பர் ரோட்டோரம் டிராக்டரை நிறுத்தியிருந்தேன். மிஷினை இறக்கி வைத்துவிட்டுப் பெரியம்மாள் மண்மேட்டில் உட்கார்ந்தாள். சாந்தம்மாள் கொஞ்சம் தள்ளி நின்று, பையிலிருந்து அந்தப் பரிசு ஃபிளாஸ்க்கை எடுத்தாள். அத்தனை நாள் அதை அவள் வேலைக்குக் கொண்டுவந்ததே இல்லை. மூடியில் பால் விடாத கட்டஞ்சாயாவை ஊற்றிக்கொண்டுவந்து பெரியம்மாளிடம் நீட்டினாள். பெரியம்மாள் வாங்கவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

"சூடு ஆறுது, பிடிட்டி" என்றாள் சாந்தம்மாள்.

"கை மேல வர மாட்டேங்குதுடி" என்றாள் பெரியம்மாள்.

வலது கை மடியிலேயே கிடந்தது. இடது கை அந்தத் தோளை விட மறுத்தது. சாந்தம்மாள் அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். நுனியில்லாத இரண்டு விரலையும் மூடியின் அடியில் கொடுத்துத் தூக்கி, அவள் வாயருகே கொண்டுபோனாள்.

"நான் பிடிச்சிக்கிடுதேன். நீ குடி."

பெரியம்மாள் குடித்தாள்.